இரண்டரை மணி நேரம்

செந்தூல் அடுக்குமாடி, ஒன்பதாவது தளம்.
மின்விசிறி மூன்றில் சுற்றுகிறது.
இரண்டு கேமராக்களில் எடுத்த ஒரே கல்யாணம்
ஒரே கோப்புறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.
என்னுடையது ஆயிரத்து நானூறு.
குலராஜுடையது எழுநூற்றுச் சொச்சம்.

'எடுத்த நேரப்படி வரிசை' என்று சொடுக்கினேன்.
மென்பொருளுக்கு முகூர்த்தம் தெரியாது.
மெட்டி ஏறிய விரல்கள் முதலில் வந்தன,
நெற்றிக்குப் பொட்டு பிறகு.
தாம்பூலப் பையோடு கிளம்பிப் போனவர்கள் மேல்
வாசலில் நின்று பன்னீர் தெளித்தார்கள்.

குலராஜின் கேமரா அவன் மச்சானுடையது.
போன மாதம் சென்னைக்குப் போய்த் திரும்பியது.
அதன் கடிகாரம் மட்டும்
இன்னும் குடிநுழைவைத் தாண்டவில்லை.

அந்தக் குளறுபடியிலும் ஒரு படம் பிடித்திருந்தது.
மணி 7:12.
மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தின் மாடிப்படி.
பெண்ணின் அப்பா
பட்டு வேட்டியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு
செருப்புகளைப் பக்கத்தில் ஜோடியாக வைத்து
கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டிருக்கிறார்.
எல்லாருக்கும் முன்னால் வந்து காத்திருக்கும் மனிதர்
என்று நினைத்தேன்.
ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

பிறகுதான் எழுநூறையும் தேர்ந்தெடுத்து
நேரத்தைத் திருத்து,
கூட்டு: இரண்டு மணி முப்பது நிமிடம்,
சரி.
படங்கள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்து இடம் மாறின.
மாடிப்படி நகர்ந்து நகர்ந்து
9:42இல் போய் நின்றது.
அதற்கு இடப்பக்கம் என் படம்: மூன்றாம் முடிச்சு.
வலப்பக்கமும் என் படம்: காற்றில் மஞ்சள் அரிசி.

பெரிதாக்கினேன். நூறு விழுக்காடு. இருநூறு.
துர்காஷினியின் அம்மா, இரண்டு மாமன்கள்,
நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம்,
கைப்பேசியை உயர்த்திய யாரோ ஒரு பையன்.
அம்மாவுக்குப் பக்கத்தில்
ஓர் ஆள் அகலத்துக்குக் குத்துவிளக்கு தெரிகிறது.
அத்தனை கண்களும் கழுத்தில் இருந்தன.
அந்த அகலத்தை யாரும் பார்க்கவில்லை.
ஒன்றரை மீட்டரில் நின்ற நானும்தான்.

குலராஜைக் கூப்பிட்டேன்.
"தாலி கட்டும்போது நீ எங்கடா இருந்த?"
"பேட்டரி மாத்தப் போனேன்க்கா."
"பேட்டரி மாடிப்படியிலயா இருந்துச்சு?"
ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு:
"அவரு ஒன்னும் சொல்லலக்கா.
நெருப்பு இருக்கான்னு கேட்டாரு.
அவர் கையில சிகரெட்டே இல்ல."

காலையில் வந்த செய்தி இன்னும் திரையோரத்தில் இருக்கிறது.
'ஸ்லைட் ஷோவில் அப்பா நிறைய வரணும் அக்கா.
தாலி ஏறும்போது அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு
நான் பார்க்கவே இல்ல.'

செய்யலாம்.
10:20இல் மேடையில் சிரித்தபடி நிற்கிறார்.
வெட்டி எடுத்து, விளிம்பை மென்மையாக்கி,
குத்துவிளக்கை மறைத்து நிறுத்தினேன்.
வெளிச்சம் பொருந்தியது. உயரம் பொருந்தியது.
கண்கள்தான் கேமராவைப் பார்த்தன.
அத்தனை பேரில் அவர் ஒருவர்தான்
மகளைப் பார்க்காமல் நின்றார்.

கன்ட்ரோல் இஸட்.
கன்ட்ரோல் இஸட்.
குத்துவிளக்கு திரும்ப எரிந்தது.

கீழே கடைசி ரயில் போய்விட்டது.
ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.
கழி: இரண்டு மணி முப்பது நிமிடம்.
அவர் திரும்பி நடந்து
தோரணம் கட்டுகிறவர்களுக்கும் முன்னால் போய்
உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் ஏழு பன்னிரண்டுக்குக் கோலாலம்பூரில்
இவ்வளவு வெயில் ஏது?
படி முழுக்கச் சுள்ளென்று அடிக்கிறது;
இதைப் பார்க்காமலா ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

வண்ண வெப்பத்தை நீலத்துக்கு இழுத்தேன்.
வெளிச்சத்தை ஒன்றேகால் படி இறக்கினேன்.
மாடிப்படியில் மெல்ல விடிந்தது.
கைப்பிடிக் கம்பிகளின் நிழல்கள் மிச்சம்.
ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவது அவர் மடியில் விழுந்திருந்தது.
அதை விட்டுவிட்டேன்.
வேட்டியின் மடிப்பு என்று
அவள் நினைத்துக்கொள்ளலாம்.